ஈரத்துணிக்குள் ஜிமிக்கி

வீட்டிலிருந்தபடியே நகை செய்து விற்கச் சொல்லித்தரும் வகுப்புகளில் மண் பிசையக் கற்றுத்தருவார்கள், நூல் சுற்றக் கற்றுத்தருவார்கள், கல் ஒட்டக் கற்றுத்தருவார்கள். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது கையிலிருக்கும் வேலையை எப்படிக் கீழே வைப்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொழிலில் பாதி அதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டுப் பெண் எந்த நகை செய்வாள் என்பதை அவள் ரசனை முடிவு செய்வதாக நினைக்கிறோம். எந்த வேலையை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போகலாம் என்பதுதான் முடிவு செய்கிறது.

நானும் பட்டு நூல் வளையலில்தான் தொடங்கினேன். வளைகாப்பு வீடுகளில் வருகிறவர்களுக்குக் கொடுக்க அதைத்தான் கேட்பார்கள். பத்திருபது இழையைச் சேர்த்துப் பிடித்து, பசை தடவிய வளையலில் சீராகச் சுற்றிக்கொண்டே போகவேண்டும். இழுப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் மேடும் பள்ளமும் காட்டிக்கொடுத்துவிடும். பாதி வளையலில் "அம்மா, சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு" என்று சின்னவன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. திரும்பி வருவதற்குள் பசை காய்ந்து, இழை பிரிந்து நிற்கும். உரித்துப் போட்டு முதலிலிருந்து சுற்றவேண்டும். ஆகவே அது எல்லாரும் படுத்தபிறகு செய்கிற வேலையாயிற்று. கொஞ்ச நாளில் கண் எரிச்சல், விட்டுவிட்டேன்.

மண்ணுக்குப் பொறுமை உண்டு. ஈரத்துணியைப் போட்டு மூடி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரையும் கவிழ்த்துவிட்டால், சாம்பார் கொதித்து, தாளித்து, பள்ளி வேன் வந்து போகும்வரை அப்படியே இருக்கும். அதற்கும் ஒரு கெடு உண்டு. ஈரம் பாதி வற்றி, நகம் வைத்தால் பள்ளம் விழாமல் கோடு மட்டும் விழுகிற ஒரு பதம் வரும். செதுக்குவது, முத்து வைப்பது, கொக்கிக்கான கம்பி வளையத்தைச் செருகுவது எல்லாம் அந்தப் பதத்தில் முடிந்தாகவேண்டும். ஜிமிக்கிக்கு ஒரு பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன். சப்பாத்திக் கட்டையில் தேய்த்த மண்ணை அதன்மேல் போர்த்தி, விளிம்பை ஊசியால் வெட்டி, பல்குச்சியால் புள்ளி குத்துவேன். சுவர் எங்கும் ஒரே கனம் இருந்தால்தான் காயும்போது கோணாது. பதம் தவறிய மண்ணைத் தண்ணீர் தொட்டு மீட்கலாம் என்பார்கள். மேலே மட்டும் நனையும், உள்ளே காய்ந்தே இருக்கும். சூட்டில் விரிசல் விட்டுத் தன் கதையைச் சொல்லிவிடும்.

எங்கள் தலத்தெரு காரைக்கால் நகராட்சிக்குள்தான் இருக்கிறது என்றாலும், சிவலோகநாதர் கோயிலைத் தாண்டி வந்தால் இன்னும் கிராமத்துச் சாயல் போகவில்லை. காவிரிக் கடைமடை, களிமண்ணுக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலோர மண்ணில் உப்பு இருக்கிறது. சுட்டு ஆறியபிறகு நகையின் மேல் வெள்ளையாகப் பூத்து வரும், பெயின்ட் பிடிக்காது. வேளார் வீட்டில் பானைக்குப் பதப்படுத்திய மண்ணை வாங்கி, கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்தால்தான் காதணிக்கு ஆகும். அதையும் அவசரத்துக்கு உலர்த்த முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அப்பளமே காயாது. தீபாவளிக்குக் கேட்கிற நகை புரட்டாசிக்குள் காய்ந்து சூளை ஏறியிருக்கவேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருவதும் அந்த நேரத்தில்தான்.

சூளை வைக்கக் கொல்லை வேண்டும். நம் வீட்டில் துணி காயாத நாளாக இருக்கவேண்டும். பக்கத்து வீட்டிலும் காயாத நாளாக இருக்கவேண்டும். பழைய பானை ஒன்றில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அடியில் உமி, மேலே நகை, அதன்மேல் மறுபடி உமியும் மரத்தூளும், வெளியே வரட்டி அடுக்கு. முதலில் இளஞ்சூடுதான். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கிற மண்ணுக்குள்ளும் ஈரம் ஒளிந்திருக்கும். 100 டிகிரியைச் சட்டென்று தாண்டினால் அது ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். பக்கத்திலிருக்கிற நாலு நகையையும் சேர்த்து உடைக்கும். 500, 600 டிகிரி வாக்கில்தான் மண்ணோடு பிணைந்திருக்கிற நீரும் பிரிந்துபோகிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் அது களிமண்ணாகத் திரும்பாது. காற்று நன்றாகப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். வாயை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்தினால் நகை கறுக்கும். இப்போது கறுப்புக்குத்தான் மவுசு. பெயின்ட் அடிக்கிற வேலை மிச்சம் என்பதால் எனக்கும் அதில் வருத்தமில்லை.

இந்த ஒரு வேலையைத்தான் போட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. சூளை வைக்கிற நாளில் அடுப்பங்கரை அத்தை கையில். "மண்ணைச் சுடறதுக்கு இவ்வளவு அமர்க்களமா" என்பார். மத்தியானம் எனக்கு மோரைக் கொல்லைக்கே கொண்டுவந்து கொடுப்பவரும் அவர்தான்.

விற்பனைக்கு எங்கள் ஊரில் பெரிய காலம் ஆனிப் பௌர்ணமி, மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கீழே முந்தானையை விரித்துக்கொண்டு ஊரே நிற்கும். கணவன் பரமதத்தன் அனுப்பிவைத்த இரண்டு பழத்தில் ஒன்றை அடியாருக்கு இட்டுவிட்டு, அவன் சாப்பிட உட்கார்ந்து இரண்டாவதையும் கேட்டபோது திகைத்து நின்றாளே புனிதவதி, பிறகு காரைக்கால் அம்மையார் ஆனவள், அந்தக் கதையின் விழா. பக்திக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குக் கணக்குச் சொல்லவேண்டிய நிலையில் நிற்கும் ஒரு காரைக்கால் பெண்ணின் கதையாகவும் எனக்கு அது படுகிறது. விழாத் தெருவில் வளையல் கடைகள் வரிசையாக நிற்கும். அச்சில் வார்த்த கம்மல் என் விலைக்கு நாலு ஜோடி கிடைக்கும். அங்கே நான் கடை போடுவதில்லை. வருகிற உறவுக்காரர்கள் காதில் என் ஜிமிக்கி ஆடினால் போதும், ஆர்டர் தானே வரும்.

உறவுதான் வாடிக்கை, உறவுதான் தலைவலியும். "சும்மா வீட்ல இருக்கறப்பச் செய்யறதுதானே, நமக்குள்ள என்ன காசு?" கேட்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வீட்டுக்குள் நடக்கிற வேலைக்கு விலை உண்டு என்று அவர்கள் வளர்ந்த வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. அவர்கள் வீட்டில் மட்டுமா! வீட்டிலிருந்து உழைப்பவர்களும் மற்றத் தொழிலாளிகளைப்போல நடத்தப்படவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அகமதாபாத்தில் இலா பட் 1972இல் தொடங்கிய சேவா சங்கம் அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

கைவினைஞர்களுக்கென்று 2023 செப்டம்பரில் பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. 18 தொழில்கள். பொற்கொல்லர் உண்டு, குயவர் உண்டு, பொம்மை செய்கிறவர் உண்டு, பூமாலை கட்டுகிறவர்கூட உண்டு. மண்ணில் நகை செய்கிறவளை எந்த வரியில் எழுதுவது? அதோடு, குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் பயன். தச்சர் வீட்டில் மனைவி மண் நகை செய்தால் யார் பெயரைக் கொடுப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கே உரிய சங்கடம் இன்னொன்று. வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. வாஞ்சூர் எல்லைக்கு மற்றவர்கள் வேறு சரக்குக்காக வருவார்கள். நான் ஜிமிக்கியோடு கடக்கிறேன். நாகூர்க்காரி என்னிடம் ஒரு ஜோடி வாங்கினால் சட்டப்படி அது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கிற வியாபாரம். கையால் செய்த நகைக்குச் சலுகை இருக்கிறது. விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால், நேரடியாக விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், பான் எண்ணும் இ-வே பில்லும் போதும். அதே ஜோடியை ஆன்லைன் தளத்தில் போட்டு நாகூருக்கு விற்கப் பதிவு வேண்டும். 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற புதுச்சேரிக்கு வேண்டாம். அது நம் மாநிலம்! ஆகையால் என் கடை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே இருக்கிறது.

நல்ல விலை கொடுக்கிறவர்கள் ஆடி வாக்கில் வருவார்கள். பிரான்சில் பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் காரைக்காலில் தெருவுக்குத் தெரு உண்டு. பாரிஸ் பக்கத்திலிருந்து வந்த சித்தி ஒருவர் ஜிமிக்கியைத் திருப்பிப் பார்க்கவேயில்லை, கொக்கியைத்தான் பார்த்தார். "இதுல நிக்கல் இருக்காம்மா?" ஐரோப்பாவில் காதுத் துளைக்குள் போகிற கம்பியிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகத்தான் நிக்கல் கசியலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மலிவுக் கம்மலைப் போட்டுக் காது புண்ணாகி, வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு வளர்ந்தவள் நான். அன்றிலிருந்து சர்ஜிக்கல் ஸ்டீல் கொக்கிதான் வாங்குகிறேன். மண்ணைவிடக் கொக்கிக்குச் செலவு அதிகம்.

விலைக்கு வருவோம். மண், உமி, பெயின்ட், கொக்கி, டப்பா, தபால் எல்லாம் நோட்டில் ஏறும். கைக்கூலி மட்டும் ஏறாது. வீட்டுக்காரர், "மணி பார்த்து எழுது" என்றார். எந்த மணியை? ரசம் நுரைக்கும்வரை, வீட்டுப்பாடத்துக்கு நடுவில், அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து கொஞ்சம் என்று ஒரு ஜிமிக்கி எத்தனையோ துண்டு நேரத்தில் உருவாகிறது. அதை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது?

வழி காட்டியது பெரியவள். கொக்கி மாட்டி, அட்டையில் குத்திக் கொடுக்க ஜோடிக்கு இரண்டு ரூபாய் கேட்டாள். "அம்மாகிட்டேயே கூலியா" என்று அத்தை அதட்டினார். அவள் அசரவில்லை. கொடுத்தேன், நோட்டில் 'கூலி' என்று எழுதினேன். அவள் கூலியை எழுதிவிட்டு அதற்கு மேலே என் கூலிக்கு வெற்று வரி விட எனக்கே ஒருமாதிரியாக இருந்தது. மணியை விட்டுவிட்டு, உருப்படிக் கணக்கில் போட ஆரம்பித்தேன். ஜிமிக்கிக்கு இவ்வளவு, தொங்கட்டானுக்கு இவ்வளவு, மாலைக்கு இவ்வளவு என்று, இரண்டு நிமிடத்தில் முடிந்தாலும் இரண்டு நாள் இழுத்தாலும் அதே கூலி.

விலை ஏறியது. "நமக்குள்ள என்ன காசு" கேட்டவர்களில் சிலர் நின்றுபோனார்கள். நாகூர் டீச்சர் விலையைக் கேட்டார், தங்கைக்கும் சேர்த்து இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டார். நாத்தனார் மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறார். மகள் கல்யாணத்துக்கு மொத்தமாக எடுக்கப்போவதாக அத்தை வழியாகத் தூது வந்திருக்கிறது. அத்தை இரண்டு பக்கமும் பேசுகிறார்.