செஞ்சியில் ஒரு பட்டிக் காவல்

செஞ்சிக்குச் செல்லும் நீங்கள் ராஜகிரியில் ஏறுவீர்கள்; 1717-18இல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் காண்பீர்கள். அப்படியே சுற்றுவட்டார ஆட்டுப்பட்டிகளையும் நின்று பாருங்கள். கிடை போட்ட வயலில் இரவுக் காவல் நாயினுடையது. கண் திறந்த நாள்முதல் ஆட்டுக்குட்டிகளோடு வளர்ந்த நாய், மந்தையைத் தன் கூட்டமாகவே கருதும்.

ஆடு வளர்க்கும் நம் குடும்பங்கள் சில தயங்குகின்றன. தயக்கம் வேண்டியதில்லை. கால்நடை, பயிர், வேட்டை ஆகியவற்றுக்காக நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதிலொன்று மண்ணிட்டுக் கழுவவேண்டும். பட்டியிலேயே அதற்கெனத் தனிச்சட்டி வைத்தால் வீட்டுப் பெண்களுக்குத் தொல்லையில்லை.

ஏறத்தாழ 63 நாளில் நாய் குட்டி ஈனும். சிக்கல் அங்குதான். ஹனஃபி மத்ஹபில் பயன்தரும் நாயை விற்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் அவ்விற்பனை செல்லாது. ஷாஃபிஈகள் குட்டிகளை அண்டைப் பட்டிக்காரருக்கு இனாமாகக் கொடுத்துவிடுங்கள்.