தவளை நீச்சலும் பொட்டி தட்டுறவன் முட்டியும்

பத்து மணி நேரம் பொட்டி தட்டுற ஆளுக்கு மெயிலும் மேனேஜரும் துரத்த முடியாத ஒரே இடம் நீச்சல் குளம்தான். அதுலயும் எனக்கு வாய்ச்சது பிரெஸ்ட் ஸ்ட்ரோக் மட்டும். ஃப்ரீஸ்டைல் அடிச்சா பாதி குளத்தைக் குடிச்சிட்டுத்தான் மறுகரை சேருவேன் :-) அதனால வலது முட்டியோட உள்பக்கம் வலி வந்தப்போ, வலியை விட, "நீச்சலை விட்டுடுங்க"ன்னு டாக்டர் சாதாரணமா சொன்னதுதான் அதிகமா வலிச்சது. 28 வயசுல விடுறதா?

இந்த வலிக்கு 'பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கர்ஸ் நீ'ன்னு தனிப் பேரே இருக்கு. முட்டி கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், திருகினா கொஞ்சம்தான் இடம் கொடுக்கும். நாம என்ன பண்றோம்? குதிகாலைப் பின்னால இழுத்து, பாதத்தை வெளியே திருப்பி, சாட்டை மாதிரி உதைக்கிறோம். தண்ணி கீழ்க்காலை வெளிப்பக்கம் தள்ளுது, முட்டியோட உள்பக்கம் விரியப் பார்க்குது. அதை இழுத்துப் பிடிக்கிறது உள்பக்க லிகமென்ட். ஒவ்வொரு உதைக்கும் அதுக்கு வேலை.

முன்னெல்லாம் காலை அகல விரிச்சு மூடுற உதைதான். இந்தக் குறுகலான சாட்டை உதையைப் பிரபலமாக்கினது அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழக கோச் கவுன்சில்மேனும் அவர் சிஷ்யர் ஜஸ்ட்ரெம்ஸ்கியும். 1961-ல் ஜஸ்ட்ரெம்ஸ்கி 100 மீட்டர் சாதனையை 1 நிமிடம் 7.5 நொடிக்கு இறக்கினார். வேகம் வந்தது, முட்டிக்குச் சுமையும் வந்தது.

அடுத்து பார்த்த பிசியோதெரபிஸ்ட் முட்டியை ரெண்டு நிமிஷம்தான் பார்த்தார். மீதி நேரமெல்லாம் இடுப்பையும் கணுக்காலையும்தான் திருப்பிப் பார்த்தார். விஷயம் இதுதான்: பாதம் வெளியே திரும்ப இடுப்பும் கணுக்காலும் பங்கு போடணும். அது ரெண்டும் இறுகிக் கிடந்தா மொத்தமும் முட்டி தலையில. டீம்ல ரெண்டு பேர் லீவு போட்டா மூணாவது ஆள் கதி என்ன? அதேதான்!

இப்போ நான் செய்யறது:

முதல் 200 மீட்டர் மெதுவா, வேற ஸ்ட்ரோக்ல (குடிக்கிறது குடிக்கிறதுதான்). உடம்பு சூடான பிறகுதான் தவளை உதை.

உதைக்கும்போது முட்டி ரெண்டும் தோள் அகலத்தைத் தாண்டாது. ஒட்டியும் இருக்காது.

வாரத்துல மூணு நாள் வீட்டுல பயிற்சி. ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலைத் தூக்குறது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துறது, முட்டிகளுக்கு நடுவுல தலகாணி வச்சு அமுக்குறது, பாதி உட்கார்ந்து எழுறது. தலகாணி பயிற்சியைப் பார்த்து அம்மா "என்னடா கூத்து இது"ன்னாங்க. நாலாம் நாள் அவங்களும் சேர்ந்துட்டாங்க.

ஆபீஸ்ல மணிக்கு ஒரு தடவை எழுந்து இடுப்பைத் தளர்த்துறது.

தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துறது. வலிச்சா அன்னிக்கு உதை நிறுத்தம், காலுக்கு நடுவுல புல்-பாய் வச்சு கை மட்டும்.

முட்டி வீங்கினா, மடக்கி நீட்ட முடியாம பூட்டிக்கிட்டா, நிக்கும்போது நழுவினா, இந்த வைத்தியமெல்லாம் போதாது. நேரா எலும்பு டாக்டர்கிட்ட போயிடுங்க.

மூணு மாசம் ஆச்சு. நேத்து 400 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், வலி இல்லை. வேகம் மட்டும் ஆமை வேகம். பரவாயில்ல, ஆமைக்கு ஆயுசு கெட்டியாச்சே :-)