இளவேனிலும் நூலகமும்

ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்றனர். அக்காலத்தே வேம்பு பூத்துத் தெருவெங்கும் மணம் பரப்பும். புங்கமரம் புதுத்தளிர் விட்டுத் தண்ணிழல் தரும். மாமரங்களில் காய்கள் திரண்டு தொங்கும். ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதும் இப்பருவத்திலேதான். பள்ளியின் கதவு சாத்தப்படும்போது எங்கள் ஊரில் மற்றொரு கதவு அகலத் திறக்கின்றது. அஃது எங்கள் கிளை நூலகத்தின் கதவு.

நான் காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணிபுரிந்து, 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் நூலகம் பெரிய மாளிகை அன்று. இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும் உடைய ஓட்டுக் கட்டடம். முன்புறத்தில் ஒரு வேம்பு. ஏப்ரல் 23-ஆம் நாளை உலகப் புத்தக நாளாகக் கொண்டாடும்படி 1995-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு அறிவித்தது. அந்நாள் சித்திரை பத்தாம் நாளை ஒட்டி வருகின்றது. அன்று தொடங்கி ஒரு திங்கள் வரை, எங்கள் வாசகர் வட்டத்தார் நூலகத்தில் பல நிகழ்ச்சிகளை நடத்துகின்றனர். அவை சிறுவர்க்கு மட்டும் உரியன அல்ல. தவழும் பருவம் நீங்கிய குழந்தை முதல் தடியூன்றி நடக்கும் முதியவர் வரை அனைவர்க்கும் அங்கே ஓர் இடம் உண்டு.

காலைப் பொழுது குழந்தைகளுக்கு உரியது. வேப்பமரத்தடியில் பாய் விரித்து அவர்களை அமர்த்துவர். எழுதப் படிக்க அறியாத பாட்டியார் ஒருவர் நாள்தோறும் வந்து கதை கூறுவார். நரியும் காக்கையும் அரசனும் குடியானவனும் அவர் வாயில் உயிர்பெற்று எழுவர். கதை முடிந்ததும் நூலகர், அதே கதையோ அதனை ஒத்த கதையோ உள்ள நூலை எடுத்துக் குழந்தைகளிடம் கொடுப்பார். "பாட்டி சொன்ன கதை இதில் இருக்கிறதே!" என்று அவர்கள் வியந்து கூவுவதும், அந்த மூதாட்டியார் அப்புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்ப்பதும் காணத்தக்க காட்சிகள்.

பிற்பகலில் இளைஞர் கூடுவர். அவர்களுக்குப் பழைய ஓலைச்சுவடி படிக்கும் முறையைக் கற்பிக்கும் பணி என்னுடையது. சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ஆதலின் 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஓலையில் ஒரே வடிவமாகத் தோன்றும். இடம் நோக்கியே பொருள் கொள்ளுதல் வேண்டும். இதனை நான் கூறியபோது, பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, "ஐயா, ஏடு என்றாலே எடு என்றுதானே பொருள்?" என்று கேட்டாள். எல்லோரும் நகைத்தனர். எனக்கோ நகை வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகின்றேன்.

மாலையில் தாழ்வாரம் முதியவர்களால் நிறையும். கண்ணொளி மங்கியவர்க்கு உயர்நிலைப் பள்ளி மாணவர் நாளிதழைப் படித்துக் காட்டுவர். அதற்குக் கைம்மாறாக முதியவர்கள், இன்று மறைந்துபோன நெல்வகைகளின் பெயர்களையும், வாய்க்கால்களின் பழம்பெயர்களையும், ஏற்றம் இறைத்த காலத்துச் செய்திகளையும் கூறுவர். மாணவர் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். எழுத்தில் உள்ளது முதியவர் செவிக்கும், முதியவர் நெஞ்சில் உள்ளது எழுத்துக்கும் மாறிச் செல்லுகின்றன.

இவற்றோடு, வாரத்துக்கு இருமுறை நைந்த நூல்களைச் செப்பனிடும் வேலையும் நடைபெறும். அதனை நடத்துபவர் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர்; நெடுங்காலம் அச்சகத்தில் நூற்கட்டு வேலை செய்தவர். குலைந்த தாள்களை அடுக்குதல், மெழுகு பூசிய நூலால் தைத்தல், அட்டை வைத்துத் துணி ஒட்டுதல் ஆகியவற்றை அவர் பிள்ளைகளுக்குப் பொறுமையுடன் கற்றுக்கொடுப்பார். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சும் பசை நஞ்சுடையது. ஆதலின் அதனை மட்டும் பிள்ளைகளைத் தொட விடாது தாமே கையாளுவார். அவர் என் பழைய மாணாக்கர். அவரைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரு முள் தைத்துக்கொண்டிருந்தது.

1985-ஆம் ஆண்டின் சித்திரைத் திங்கள் அது. நான் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. நன்னூற் காண்டிகையுரையின் பழம்பதிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கு இலக்கணம் பயிற்றிய ஆசிரியர், தம் கையால் ஓரக் குறிப்புகள் எழுதி எனக்கு அளித்த நூல் அது. அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன், என் வகுப்பிலேயே இலக்கணத்தில் வல்லவன், விடுமுறையில் படித்துத் தருவதாகக் கூறி அந்நூலை இரவல் கேட்டான். நான் அவன் கைகளை நோக்கினேன். தந்தைக்கு உதவியாகத் தவிடு அள்ளிய கைகள் அவை. "இது கண்டவர் கையில் கொடுக்கும் நூல் அன்று" என்று கூறி, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் ஒன்றும் பேசாது வணங்கிச் சென்றான். அடுத்த ஆண்டு அவன் தந்தையார் நோயுற்றார். பையன் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்கு அமர்ந்தான்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டில், மழைக்காலம் கழிந்தபின் அந்தச் சுவரலமாரியைத் திறந்தேன். ஈரச் சுவர் வழியாகக் கறையான் ஏறியிருந்தது. நன்னூலை எடுத்தேன், மேலட்டை அழகாக இருந்தது. விரித்தபோது உள்ளே பல தாள்கள் மண்ணாக உதிர்ந்தன. என் ஆசிரியரின் கையெழுத்தும் பாதி போயிற்று. மாணவன் கை படாமல் நான் காத்த நூலைக் கறையான் கற்றது. அந்நூலைத் துணியில் சுற்றி வைத்தேனே அன்றி, யாரிடமும் காட்டத் துணியவில்லை.

ஏடு என்றால் எடு என்று பொருள் என அச்சிறுமி கூறிய அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அத்துணிப்பொதியை எடுத்துக்கொண்டு நூற்கட்டு நடக்கும் இடத்துக்குச் சென்றேன். அவர் எழுந்து நின்றார். பொதியை அவிழ்த்துக் காட்டி, "தம்பி, இந்த நூலை உனக்கு நினைவிருக்கிறதா?" என்றேன்.

அவர் புன்னகை செய்தார். "நன்றாக நினைவிருக்கிறது, ஐயா. நீங்கள் இல்லை என்று சொன்ன மறுநாளே இந்த நூலகத்துக்கு வந்தேன். இங்கே ஒரு படி இருந்தது. அந்த விடுமுறை முழுவதும் இதோ இந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டேன். என் கை தவிடாக இருக்கிறதே என்று நூலகர் கேட்கவில்லை. குழாயடியைக் காட்டிக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார், அவ்வளவுதான்."

நான் தலைகுனிந்தேன். "நான் செய்தது பிழை, தம்பி" என்றேன். அவர் அதற்கு மறுமொழி கூறாமல், தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எழுத்துப் போன இடத்தில் நான் ஒன்றும் செய்வதற்கில்லை, ஐயா. ஆனால் நூலகத்துப் படியைப் பார்த்து யாராவது எழுதிக் கொடுத்தால், அந்தத் தாள்களை உரிய இடத்தில் சேர்த்துத் தைத்துவிடலாம்" என்றார்.

அவ்வாறே செய்தோம். நூலகத்துப் படியை நான் படிக்க, அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுமியும் அவள் தோழியரும் அழகிய கையெழுத்தில் எழுதினர். ஐயம் தோன்றிய இடங்களில் நாங்கள் இருவரும் கலந்து பேசினோம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் படித்த நூற்பாக்களை அவர் பிழையின்றிச் சொல்லக் கேட்டு வியந்தேன். பதினைந்து நாளில் நூல் நிறைவுற்றது. அச்சுத்தாளும் கையெழுத்துத் தாளும் கலந்த அப்புது நூலை அவர் தைத்து, நீலத்துணி ஒட்டி என் கையில் கொடுத்தார்.

இந்த நூலகம் அன்று அச்சிறுவனுக்குக் கதவு திறந்ததற்குக் காரணமானவர்களை இங்கே நினைத்தல் தகும். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த அரங்கநாதன் என்பார், கணித ஆசிரியராக இருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலகக் கலைக்குரிய ஐந்து விதிகளை வகுத்து 1931-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியன என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. ஐரோப்பிய நாடுகளில் முற்காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். நான் சங்கிலிக்குப் பதிலாகப் பூட்டை வைத்திருந்தேன், வேறுபாடு அவ்வளவே.

அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றனர். நூலைத் தேடி மக்கள் வர இயலாதபோது, மக்களைத் தேடி நூல் சென்றது. பின்னர் 1948-ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துப் பெறும் வழி அதனால் அமைந்தது. கதை கூறும் அந்த மூதாட்டியாரும் தம் சிறு வீட்டுக்கு அவ்வரியைச் செலுத்துகின்றார். ஆகவே பொது நூலகம் என்பது யாரோ ஒருவர் இடும் பிச்சை அன்று. ஊரார் அனைவரும் கூடி ஊரார் அனைவர்க்கும் வைத்த பந்தி. அங்கே கற்றவர், கல்லாதவர், சிறியவர், பெரியவர் என்ற வேறுபாடின்றி யாவரும் அமரலாம்.

நீலத்துணி ஒட்டிய நன்னூலை நான் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. எஞ்சியிருந்த என் நூல்களோடு அதனையும் நூலகத்துக்கே அளித்தேன். நூலகர் அதற்குப் பதிவெண் இட்டு இலக்கண வரிசையில் வைத்தார். பத்து நாள் கழித்து நான் அங்குச் சென்று அவ்வரிசையை நோக்கினேன். அந்நூல் அங்கே இல்லை. யாரோ எடுத்துச் சென்றிருந்தனர். அஃது இருந்த இடம் விரலிரண்டு அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. என் அலமாரியில் அந்நூல் இருந்த முப்பத்துமூன்று ஆண்டுகளில் எனக்கு உண்டாகாத மகிழ்ச்சி, அவ்வெற்றிடத்தைக் கண்டபோது உண்டாயிற்று.

மாணவர்களே, வரும் இளவேனில் விடுமுறையில் உங்கள் ஊர் நூலகத்துக்குச் செல்லுங்கள். உங்கள் பாட்டனாரையும் தம்பி தங்கையரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள அலமாரிகளில் இத்தகைய வெற்றிடங்கள் பலவற்றை உண்டாக்குங்கள். படித்து முடித்தபின் மறவாது அவற்றை நிரப்பியும் விடுங்கள்.