காதை அடைத்துக்கொண்டு

ஹெட்போன்களில் இரண்டு வகை உண்டு. கிண்ணத்தின் பின்பக்கம் சல்லடைபோலத் திறந்திருப்பது ஒன்று, முழுதாக மூடியிருப்பது மற்றொன்று. திறந்ததில் பாட்டு விசாலமாகக் கேட்கும். கூடவே குக்கர் விசிலும் வாசல் மணியும் உள்ளே வரும். மூடியதில் வெளிச்சத்தம் பெருமளவு அடங்கிவிடும். ஒலி நுணுக்கம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் திறந்ததையே உயர்வாகச் சொல்வார்கள். தனி அறையும், யாராவது கூப்பிட்டால் எழுந்துபோக வேறு ஆளும் உள்ளவர்களின் சிபாரிசு அது என்று எனக்குத் தோன்றும். நான் வாங்கியது திறந்த வகை. அதை மூடியதாக மாற்றினேன்.

மரக்கிண்ணம் வைத்த ஹெட்போன் அது. பார்க்க அழகு. உள்ளே இருந்த டிரைவர், அதாவது ஒலியை உண்டாக்கும் குட்டி ஸ்பீக்கர், மட்டமானது. 1953இல் வந்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் குரல் மேலே ஏறும்போதெல்லாம் காதில் ஊசி குத்தியது. மரம் நன்றாக இருக்கிறது, டிரைவரை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சேலத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 40 மில்லிமீட்டர், 32 ஓம் டிரைவர் ஒரு ஜோடி கேட்டேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "யாருக்கும்மா? சாரை வரச் சொல்லுங்க, எப்படி மாட்டறதுன்னு சொல்லித் தர்றேன்." சார் அப்போது வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓம் என்றால் கோயில்தான். டிரைவரை வாங்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் தலைச்சோலைக்கு வந்து சேர்ந்தேன்.

மாட்டச் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஊர்ப் பெண். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் நான்கு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவள். 2006இல் அங்கே நோக்கியா ஆலை தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனார்கள். 2014இல் அந்த ஆலை மூடிய பிறகும் மற்ற கம்பெனிகளுக்குப் போவது நிற்கவில்லை. அசெம்பிளி லைனில் பெண்களை எடுக்க உலகம் முழுக்கச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: மெல்லிய விரல், பொறுமை, எதிர்த்துப் பேசாத குணம். அதே விரல் வீட்டில் சால்டரிங் அயர்னை எடுத்தால் "கையச் சுட்டுக்கப் போற" என்கிறார்கள். தினமும் அதே கைதான் தோசைக்கல்லைப் புரட்டுகிறது, அதை யாரும் எச்சரிப்பதில்லை.

"அக்கா, ஈயத்த அயர்ன்ல வச்சி உருக்காதீங்க. மொதல்ல காலு சூடாகட்டும், அப்புறம் ஈயம் தானா ஓடி வரும்" என்றாள். கால் என்பது டிரைவரின் பின்னால் கம்பி சேரும் முனை. இரண்டு நொடிதான் கணக்கு. அதற்கு மேல் வைத்தால் முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, தலைமுடியைவிட மெல்லிய சுருள்கம்பி உள்ளே அறுந்துபோகும். அவள் எனக்காக மெதுவாகச் செய்து காட்டியபோதுகூட அந்த வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இரண்டு காதிலும் ஒரே மாதிரி சேர வேண்டும். ஒரு பக்கம் மாறினால் மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கோ தலைக்கு வெளியே அலையும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் 'டக்'கென்று சவ்வு முன்னால் வரும் அல்லது பின்னால் போகும். இரண்டு டிரைவரும் ஒரே திசையில் அசைந்தால் சரி. பேட்டரி சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றியது.

பின்பக்கத்தை மூடச் சில்வர் ஓக்கில் இரண்டு மூடி கடைந்து வாங்கினேன். காபிக்கு நிழலாக நம் தோட்டங்களில் நிற்கும் ஆஸ்திரேலிய மரம், மிளகுக்கொடி ஏறுவதும் அதன்மேல்தான். சேலத்துக் கடைசல் பட்டறைக்காரர், "சொப்புச் சாமானாம்மா?" என்றார். பெண் குழந்தைகள் சோறாக்கி விளையாடக் கடையும் குட்டிப் பானையும் என் காதுக் கிண்ணமும் ஒரே கடைசல் வேலைதான். இங்கே மூடுபனி இறங்கினால் கதவே உப்பிக்கொள்ளும், அதனால் மூடிக்கு உள்ளும் புறமும் அரக்குப் பாலிஷ் கொடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்து மரம் வளைந்துவிடும்.

மரம் மாறினால் ஒலியே மாறிவிடும் என்று பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. டிரைவர், கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றின் அளவு, காதைச் சுற்றி மெத்தை இடைவெளியில்லாமல் உட்காருவது, இவைதான் பெரும்பங்கு. மூடியதும் உள்ளே ஒரு பானை முழக்கம் வந்தது. இலவம்பஞ்சைக் கொஞ்சம் பிய்த்துப் பின்னால் வைத்தேன், அடங்கியது. அதிகம் வைத்தால் பாட்டே செத்துவிடும், சிட்டிகை சிட்டிகையாகத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். மெத்தையைத் தையல் மெஷினில் பருத்தித் துணியால் நானே தைத்தேன். வாங்கியபோது இருந்தது ஜிமிக்கியைக் கழுத்தோடு அழுத்தியது. என்னுடையது ஆழம், ஜிமிக்கியோடு போட்டுக்கொள்ளலாம்.

1910 வாக்கில் அமெரிக்காவின் யூட்டாவில் நதானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். அவர்கள் நிறையக் கேட்க, சமையலறையில் ஒரு சமயம் பத்துதான் செய்ய முடியும் என்றாராம். மர ஹெட்போனுக்குப் பெயர்பெற்ற கிராடோ நிறுவனத்தையும் 1953இல் ஜோசப் கிராடோ புரூக்ளினில் சமையலறை மேசையில்தான் ஆரம்பித்தார். இரண்டு கதையும் அந்தச் சமையலறையைப் பெருமையாகச் சொல்கின்றன. மேசை முழுக்கக் கம்பியும் காந்தமும் கிடந்த அந்நாட்களில் வீட்டில் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிட்டார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். என் சமையல் மேடையில் ஈயம் கிடந்த மூன்று நாளும் அதற்குப் பக்கத்திலேயே மாவும் அரைத்தேன்.

வேலை முடிந்தது. போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் நிஜமான சிக்கல் வந்தது. ஈயம், மரம் எதைப் பற்றியும் அத்தை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொன்னார்: "காத அடச்சிக்கிட்டு உக்காந்துட்டா ஊட்ல யாரு கூப்புடறாங்கன்னு எப்படித் தெரியும்?"

சரியான கேள்வி. என் கணவர் காதில் இயர்போன் செருகிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கிறார், அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவரைக் கூப்பிட வேண்டியதை என்னைக் கூப்பிட்டுத்தான் சொல்வார்கள். அத்தையும் நாற்பது வருடம் காதைத் திறந்தே வைத்திருந்தவர். மாமாவின் இருமல், மாட்டின் கயிறு, பிள்ளையின் சிணுங்கல், எல்லாவற்றுக்கும் தூக்கத்திலேயே எழுந்திருப்பார். இன்னொருத்தி காதை மூடுவதைப் பார்த்தால் அவருக்குத் திக்கென்றுதான் இருக்கும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூடியைக் கழற்றவும் இல்லை.

ஏற்காட்டில் உட்காரும் இடத்துக்கே லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட் என்று பெயர் உண்டு. லேடீஸ் சீட்டில் தனியாக ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு இடம் பின்கட்டுத் திண்ணை, நேரம் இரவு எட்டு முதல் ஒன்பது. எல்லாரிடமும் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

சொல்லிக் கொடுத்தவளும் ஒரு ஜோடி செய்துகொண்டாள். அதுவும் மூடியதுதான். ஹாஸ்டல் அறையில் ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களின் சத்தத்தில் பகலில் தூங்கப் பட்ட பாட்டை அவள் மறக்கவில்லை. அதில் என்ன கேட்கிறாய் என்றேன். "ஒண்ணும் கேக்கறதில்லக்கா. சும்மா மாட்டிக்குவேன்" என்றாள்.

போன வாரம் எட்டு மணிக்கு அடுப்பில் பருப்பு இருந்தது. மூன்றாவது விசில் என் காதில் விழவில்லை. ஒன்பது மணிக்கு உள்ளே போனபோது அடுப்பு அணைந்திருந்தது. யார் அணைத்தது என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.