மூன்றரை அடிப் புகையிரதப் பாதை

நகரத்தில் குடியிருப்போருக்கு உள்ள குறைகளுள் தலையாயது இடக்குறை. செடி வளர்க்க விரும்புவோர் தொட்டியோடு திருப்தி அடைகிறார்கள். புத்தகப் பிரியர்கள் கட்டிலின் கீழும் அடுக்கிக் கொள்கிறார்கள். மாதிரிப் புகையிரதத்தில் ஆசை கொண்டவனோ, தண்டவாளம் போட இடம் ஏது என்று தன் ஆசையையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறான். நானும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறு கட்டி வைத்திருந்தவன். வெள்ளவத்தையில், இரண்டே அறைகள் கொண்ட தொடர்மாடி வீடொன்றில், எழுபது வயதை அணுகும் வேளையில் அம்மூட்டையை அவிழ்த்த வரலாற்றை வாசகர்களுக்குக் கூற விழைகின்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது காங்கேசன்துறையில். தந்தையார் புகையிரதப் பகுதியில் கூட்ஸ் கிளாக்கராக இருந்தவர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது மாமா ஒருவர் இங்கிலாந்திலிருந்து ஹோர்ன்பி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். தகரத்தாற் செய்தது, சாவி கொடுத்தால் ஓடுவது. 32 மில்லிமீற்றர் அகலமான அதன் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினால் நடுவிறாந்தை முழுவதும் அடைபட்டுவிடும். வண்டி சில சுற்றுகள் ஓடி நிற்கும்; மீண்டும் சாவி கொடுக்க வேண்டும். ஆசை தீர ஓட்டினேன். ஆயினும் என் உள்ளம் பறிகொடுத்த காட்சி வேறு. அது கூட்ஸ் சாலையின் முன்னே நாள்தோறும் நடந்த ஷண்டிங். கரிய எஞ்சின் ஒன்று பெருமூச்சு விட்டபடி முன்னும் பின்னும் போகும். பெட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தும் சேர்த்தும் வைக்கும். சீமெந்து ஏற்றிய பெட்டி எது, வெறும் பெட்டி எது என்பதெல்லாம் எனக்குப் பாடமாக இருந்தது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வவுனியாவுக்கு வடக்கே வண்டிகள் ஓடுவது நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதே ஆண்டில் எங்கள் ஊரவரும் இடம்பெயர்ந்தனர். தகர வண்டி வீட்டோடு நின்றுவிட்டது. வீடும் இப்போது இல்லை. 2015 சனவரியில் பாதை மீண்டும் காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பேரனை அழைத்துக்கொண்டு போனேன். புதிய நிலையம், புதிய மேடை. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன. “இங்கேதான் உன் பூட்டனார் வேலை செய்தார்” என்று காட்டுவதற்குக் கையை உயர்த்தினேன். எத்திசையில் நீட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்த அடையாளம் கடல் ஒன்றுதான். என் போன்ற கிழவர்கள் சிலரின் நினைவில் மட்டும் இருக்கும் அந்தக் கூட்ஸ் சாலையை, நினைவு மங்குமுன் எப்படியேனும் மரத்திலும் மட்டையிலும் வடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் திரும்பி வரும் வண்டியிலேயே உண்டாயிற்று.

இடத்துக்கு எங்கே போவது? மனையாளிடம் கேட்டேன். “இஞ்சாருங்கோ, சாப்பாட்டு மேசையிலை மட்டும் கை வைக்காதேங்கோ” என்றாள். ஈற்றில், புத்தக அலுமாரியின் மேற்தட்டு எனக்குக் கிடைத்தது. நீளம் மூன்றரை அடி. அகலம் ஒன்பது அங்குலம்.

இவ்விடத்திலே அளவுகளைப் பற்றிச் சிறிது கூறுவது பயனுடையது. மாதிரிப் புகையிரதங்கள் பல அளவுகளில் உள்ளன. இங்கிலாந்தில் பெருவழக்கான ஓஓ என்னும் அளவில் உண்மைப் பொருள் 76 மடங்கு சிறிதாக்கப்படுகின்றது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். 1960களில் ஜெர்மனியிலிருந்து பரவிய என் என்னும் அளவிலோ 160 மடங்கு சிறுமை. தண்டவாள அகலம் 9 மில்லிமீற்றர். ஓஓ பிடிக்கும் இடத்தில் ஏறக்குறையக் காற்பங்கு இதற்குப் போதும். வீடுகள் சிறுத்த யப்பானில் இதுவே பெருஞ் செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை. அங்கு காட்டோ நிறுவனத்தார் 1965ஆம் ஆண்டிலேயே இவ்வளவில் நீராவி எஞ்சின் ஒன்றை வெளியிட்டனர். 1972இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 6.5 மில்லிமீற்றர்ப் பாதையையும் கொண்டுவந்தது. அது என் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத நுணுக்கம். ஆதலின் 9 மில்லிமீற்றரைத் தெரிந்துகொண்டேன். இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். கணக்கின்படி அது என் பலகையில் பத்தரை மில்லிமீற்றராக வரவேண்டும். அந்த ஒன்றரை மில்லிமீற்றர்க் குறையைக் கண் பொறுத்துக்கொள்கிறது.

இனி, குறுகிய பலகையில் என்ன பாதை போடுவது? வட்டம் போட்டால் வண்டி தன் வாலைத் தானே துரத்தும் பூனையைப் போலச் சுற்றிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். இடநெருக்கடியை நன்கு அறிந்த ஆங்கிலேயர் இதற்கு நல்வழி கண்டிருக்கிறார்கள். சிறில் பிறீசர் என்பவர் 1957இல் வெளியிட்ட ‘மைனரீஸ்’ என்னும் திட்டம், ஒரு பெருநகர முடிவிட நிலையத்தை ஏழடி நீளத்துள்ளும் ஒன்பது அங்குல அகலத்துள்ளும் அடக்கியது. அலன் றைற் என்பவர் வகுத்த ‘இங்கிள்நூக்’ அதனினும் எளியது. மூன்றே பக்கப்பாதைகள்: ஒன்றில் ஐந்து பெட்டிகள் நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் ஒதுங்கும் பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் மட்டுமே கொள்ளும். மொத்தம் எட்டுப் பெட்டிகள். எட்டுச் சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து பெட்டிகளையும் கோத்து நிறுத்த வேண்டும். எளிதென்று தோன்றும், முயன்றால் வியர்க்கும். எட்டில் ஐந்தை வரிசைப்படுத்தும் வகைகள் 6720. நாளுக்கு ஒன்று வீதம் ஆடினாலும் பதினெட்டு ஆண்டுகளுக்குப் போதும். என் வயதினனுக்கு இதனிலும் நீண்ட பாதை எதற்கு?

என் மூன்று பாதைகளுள் ஒன்று கூட்ஸ் சாலைக்கு, ஒன்று மேடையோரத்துக்கு, ஒன்று 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு. காலம் 1964 என்று வைத்துக்கொண்டேன். ஆனால் யாழ்தேவிக்கு இடமில்லை! 1956இல் ஓடத் தொடங்கிய அவ்வண்டி எங்கள் ஊருக்கே பெருமை. 60 அடிப் பெட்டி ஒன்று என் அளவில் பதினொரு சென்ரிமீற்றருக்கு மேல். பத்துப் பெட்டிகளைக் கோத்தால், எஞ்சின் நீங்கலாகவே பலகை நிறைந்துவிடும். முதலில் மனம் வருந்தியது உண்மை. பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்த்தேன். யாழ்தேவியைப் பற்றி எழுதப் பலர் உளர், படங்களும் உள. கூட்ஸ் சாலையில் மூட்டை எண்ணியவரையும், கொடி காட்டியவரையும், கொளுக்கி மாட்டியவரையும் யார் எழுதினார்? பலகை சிறிதாக இருந்தபடியால் நான் ஒன்றைத் தெரிய வேண்டியதாயிற்று. தெரிந்தபோதுதான் எனக்கு வேண்டியது எது என்பதே விளங்கிற்று. பெரிய மண்டபம் ஒன்று வாய்த்திருந்தால் எல்லாவற்றையும் பரப்பி வைத்து எதையும் ஊன்றிப் பார்த்திருக்கமாட்டேன்.

வேலையின் கஷ்டங்களையும் மறைக்கக்கூடாது. பலகை கொழும்பின் ஈரத்தில் நெளியாதிருக்க, தண்டவாளம் பதிக்குமுன் இருபுறமும் வர்ணம் பூசினேன். மின்சாரம் வெறும் 12 வோல்ட். தண்டவாளத்தின் வழியே சக்கரத்துக்கு ஏறி மோட்டாரை அடைகிறது. எஞ்சினோ கைக்குள் அடங்கும் சிறு பொருள், பாரம் குறைவு. ஆதலால் தண்டவாளத்தில் மெல்லிய அழுக்குப் படிந்தாலும் நின்றுவிடும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இது நித்திய தொல்லை. மதுசாரம் தோய்த்த துணியால் வாரந்தோறும் துடைப்பதே பரிகாரம். எஞ்சின் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. எங்கள் பாதையில் ஓடிய வகையன்று. கறுப்புப் பூசி எங்களதாக்கிக் கொண்டேன். கட்டடங்கள் எல்லாம் பழைய கலண்டர் மட்டை. பனைகள் கம்பியும் நூலும்; அறுபது அடிப் பனை இங்கே நாலரை அங்குலம். மனிதர் பத்து மில்லிமீற்றர் உயரம்.

ஞாயிற்றுக்கிழமைகளிற் பேரன் வருவான். முதல் நாள் அவன் கேட்டது இது: “அப்பப்பா, ஏன் இந்த றெயின் சுத்தி ஓடேல்லை?”

“காங்கேசன்துறைக்கு அங்காலை எங்கை ராசா போறது? கடலெல்லோ!” என்றேன். அவனுக்கு அந்த விடை போதுமாயிருந்தது. இப்போது சீட்டுக் குலுக்குபவன் அவனே. என்னைவிடக் குறைந்த நகர்வுகளில் ஐந்தையும் கோத்துவிடுகிறான்.

சென்ற வருடம் கனடாவிலிருந்து அக்கா வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து பலகையை நெடுநேரம் பார்த்தார். பின் கூட்ஸ் சாலையின் பின்புறத்தில், சுண்டுவிரல் அகலமேயுள்ள மண்பாதையை மெல்லத் தொட்டு, “இதாலைதானே தம்பி ஐயா சைக்கிளிலை வாறவர்” என்றார். பேரன் அருகே நின்றான். 2015இல் நான் காட்ட முடியாது போன திசை எது என்பதை அன்று அவன் அறிந்துகொண்டான்.

இளமையில் விட்ட கைத்தொழிலையோ கலையையோ மீண்டும் தொடங்க எண்ணி, “வீட்டிலே இடமில்லை” என்று ஒத்திப்போடும் அன்பர்கள் பலர் இருக்கக்கூடும். அவர்கள் முதலில் ஓர் அளவுகோலை எடுத்துத் தம் அலுமாரியின் மேற்தட்டை அளந்து பார்க்கட்டும். மூன்றடி தேறினால் போதும். அந்த மூன்றடிக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு மாலைப்பொழுது இருந்து எண்ணிப் பார்க்கட்டும். வேலையின் பாதி அதிலேயே முடிந்துவிடும். எஞ்சிய பாதிக்குப் பசையும் மட்டையும் பொறுமையும் வேண்டும். பேரப்பிள்ளை ஒருவன் பக்கத்தில் இருந்தால் பொறுமை தானே வரும்.