அமாவாசைக்கு ஓர் அருவி

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் கோயில் குளம், கொல்லைக் கிணறு, பாலாற்று மணலைத் தோண்டினால் சுரக்கிற ஊற்று. தலைக்கு மேலிருந்து கொட்டுகிற தண்ணீருக்கு எல்லை தாண்டி ஆந்திராவுக்குப் போக வேண்டும். நாராயணவனத்துக்கு அப்பால், நகரி மலைக்காட்டுக்குள் இருக்கிறது கைலாசகோனா.

எங்கள் வீட்டில் குற்றாலப் பேச்சே எழாது. தூரம் மட்டும் காரணமில்லை. குற்றாலத்துக்குச் சீசன் வேண்டும். எங்கள் தெருத் தறிகளுக்கோ அமாவாசைதான் லீவு. மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க முடியாது, தறி நின்றுவிடும், கையில் காசிருக்காது. மாசி, பங்குனியில்தான் கூலி கொஞ்சம் சேரும். அந்த வெயிலில் எந்த அருவியில் தண்ணீர் இருக்கும்? கைலாசகோனாவில் இருக்கும். மழைநீர் பாறை விரிசல்களில் இறங்கித் தங்கி, ஊற்றாகக் கசிந்து வருடம் முழுக்க வருகிறது. கோடையில் மெலியும்; நிற்காது.

விடியுமுன் வேன் கிளம்பும். அரக்கோணம் தாண்டித் திருத்தணி வந்ததும் பெரியப்பா எல்லைப் போராட்டத்தை ஆரம்பிப்பார். ம.பொ.சி., வடக்கெல்லை, 1960இல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது, எல்லாம் வரும். முடிவில், “தணிகை வந்துச்சு, அருவி போச்சு” என்பார். நகரி பக்கம் ஏகாம்பரகுப்பம் என்ற பெயரைப் பார்த்தால் சித்திக்குக் குஷி. “நம்ம ஏகாம்பரநாதர் இங்க எப்போ வந்தாரு?”

அங்கேதான் விசைத்தறிச் சத்தம் கேட்கும். வேனுக்குள் பேச்சு குறையும். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். “பட்டுக்கு அது ஆகாதுடா, கரையைக் கோர்வை போட ரெண்டு ஆள் வேணுமே” என்று பெரியப்பா சமாதானம் சொல்வார், யாரும் கேட்காமலே.

அடுத்து புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற அதே புத்தூர்தான். “பாறையில வழுக்கி விழுந்தாலும் பக்கத்துலயே வைத்தியம்” என்ற நகைச்சுவையை ஒவ்வொரு முறையும் யாராவது புதிதுபோலச் சொல்வார்கள்.

அருவி ஒன்றும் பிரமாண்டமில்லை. சுமார் நாற்பதடி. பக்கத்திலேயே சிவனுக்கு ஒரு சின்னக் குகைக்கோயில். ஆனால் அந்தச் சில்லிப்பு! பங்குனி வெயிலில் வந்தவர்களுக்குப் பல் கிட்டித்துவிடும். சித்தப்பாக்கள் கூச்சல் போடுவார்கள். அப்பா மட்டும் சத்தமில்லாமல் பிடரியைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுக் குனிந்து நிற்பார். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, இழையைப் பார்த்துக் குனிந்தே இருக்கிற கழுத்து. அருவியிலும் அதே குனிவுதான். நிமிரச் சொல்லி நாங்கள் கத்தினால் கையைக் காட்டிப் போகச் சொல்வார். எண்ணெய், பிண்டத் தைலம், ஒத்தடம் எதற்கும் கேட்காத வலி அதற்குக் கேட்டது என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வார்.

பெண்கள் முறை பிறகு வரும். பட்டு நெய்கிற வீட்டுப் பெண்கள் நைலக்ஸ் புடவையில்தான் குளித்தார்கள். முகூர்த்தப் புடவை தவிர யாரிடம் பட்டு இருந்தது?

சாப்பாட்டுக்குக் குடலை இட்லி. சுக்கும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவித்தது. சீக்கிரம் கெடாது என்பதால் பயணத்துக்கு அதைவிட உத்தமம் வேறில்லை. குரங்குகளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஒருமுறை முழுக் குடலையே பாறை மேல் ஏறிவிட்டது. அன்றைக்கு நாராயணவனம் கோயில் வாசலில் வாங்கிய வாழைப்பழம்தான் எல்லோருக்கும்.

இப்போது எங்கள் தெருவில் பாதித் தறிக்குழிகளை மூடி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு லீவு ஞாயிறு. சென்னைக்காரர்களுக்கும் அதே ஞாயிறுதான். அருவிக்கடியில் நிற்க வரிசை, கூடவே செல்ஃபி. பிடரியை ஆற அமரத் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டுமானால் செவ்வாய், புதனில் போக வேண்டும். அதற்கு எந்தக் கம்பெனியில் லீவு தருவான்?