மூணு புள்ளிக் கத்தி

கத்தி சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் ஒரு ரகம், கண்ட கத்தியையும் சேர்க்காது. ஒரே ஆள் அடித்த கத்தியாகப் பார்த்துத்தான் தேடும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ரிவர்சைடு ஊரில் பாப் லவ்லெஸ் என்று ஒருத்தர் இருந்தார். வேட்டைக் கத்தி செய்தவர், 2010இல் இறந்துபோனார். அலகில் தன் பெயரையும் ஊரையும் பொறிப்பார். அந்தப் பெயருக்காக ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் வாள் அடிக்கிறவர் பிடிக்குள் மறைந்துபோகிற பாகத்தில் தன் பெயரை வெட்டி வைப்பார். பிடியைக் கழற்றி, பெயரைப் பார்த்துத்தான் வாளை மதிப்பார்கள்.

இதெல்லாம் காசுள்ளவன் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். பாதி உண்மைதான். மீதிப் பாதியில், செய்த கைக்குக் கொடுக்கிற மரியாதை இருக்கிறது. ஒருத்தன் உழைப்பை இன்னொருத்தன் அடையாளம் கண்டுகொள்வது சின்ன விஷயமில்லை. ஆனால் நம்ம ஊரில் இந்தப் பேச்சைச் சாதியை விட்டுவிட்டுப் பேச முடியாது. யார் சேர்த்தால் அது கலை, யார் சேர்த்தால் அது குற்றம் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

ஆவடியில் எங்கள் பெரியப்பா மாட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். 1965இல் விஜயந்தா டாங்கி செய்து வெளியே விட்ட ஊர் இது. பட்டாளத்துக்காரனுக்குத் துணி தைக்கிற தொழிற்சாலையும் இங்கேதான். அங்கே ஷிப்ட் முடித்து வருகிறவர்கள்தான் எங்கள் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடையென்றால் நாலு கொம்பு, மேலே தார்ப்பாய், நடுவில் ஒரு புளியங்கட்டை. கத்தி மட்டும் பதினொன்று இருந்தது. பதினொன்றும் ஒரே ஆள் அடித்தது. பூந்தமல்லிப் பக்கம் இருந்த ஒரு பட்டறைக்காரர். அலகு பிடியோடு சேருகிற இடத்தில் மூணு புள்ளி குத்தியிருப்பார். அதுதான் அவர் அடையாளம்.

பக்கத்திலேயே வேறு பட்டறை இருக்கும்போது ஏன் பஸ் ஏறி அங்கே போகணும் என்று பெரியம்மா சண்டை போடுவார். "மத்தவன் அடிக்கிறது இரும்பு. அவரு அடிச்சாத்தான் அது கத்தி" என்பார் பெரியப்பா. விஷயம் இதுதான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து உருவாக்கி, கடைசியில் தண்ணீரில் தோய்க்க வேண்டும். விறைப்பு அதிகமானால் எலும்பில் பட்டதும் வாய் பேர்ந்துவிடும். குறைந்தால் வாய் மடியும். தோய்த்த பிறகு மறுபடி லேசாகச் சூடு காட்டும்போது இரும்பின் மேல் வைக்கோல் மஞ்சள் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. அதற்குப் புத்தகம் கிடையாது. அந்தக் கண் அந்த ஆசாரிக்கு இருந்தது. அதைக் கண்டுபிடிக்கிற கை பெரியப்பாவுக்கு இருந்தது. இரண்டும் அறிவுதான். இரண்டையும் அறிவு என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை.

தேய்ந்த கத்தியை அவர் எறிய மாட்டார். புதுக் கத்தி முதலில் தொடைக்கறி அறுக்கும். சாணை பிடித்துப் பிடித்து ஒல்லியானதும் தோல் உரிக்க வரும். இன்னும் தேய்ந்தால் பெரியம்மா கைக்குப் போகும், போட்டி சுத்தம் பண்ண. அதற்கும் அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி மாதிரி மிஞ்சும். அதையும் துணியில் சுற்றிக் கூரையில் செருகி வைப்பார். "இத்தவுமா?" என்று ஒருநாள் கேட்டேன். "இன்னா பண்ணச் சொல்ற? காயலான் கடையில போட்டா கிலோ கணக்குல எடுத்துக்குவான். இதுல எவ்ளோ வேல கீது, அத்த எந்தத் தராசுல நிறுப்பான்?" என்றார். லவ்லெஸ் கத்திக்குக் காசைக் கொட்டுகிறவர் இதைவிடத் தெளிவாகக் காரணம் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை.

இதை இரண்டு உழைப்பாளிகளின் நேசக் கதை என்று சொல்லி முடிக்கவும் முடியாது. கத்தியைக் கைமாற்றிக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்கணும் என்று நம்ம பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த ஆசாரியும் கத்தியைக் கீழே வைப்பார். பெரியப்பா குனிந்து எடுப்பார். காசையும் அப்படியே கீழேதான் வைப்பார். காசைக் கைமாற்றினால் சண்டை வரும் என்று யாரும் சொன்னதில்லையே! இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நடந்தது. அவர் இவரைக் "கறிக்காரன்" என்பார். இவர் அவரை "ஆசாரி" என்பார். ஒருத்தர் பெயர் ஒருத்தருக்குத் தெரியாது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைத்துப் பிரித்தது என்பதை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக் காட்டினார். எனக்கு அது பட்டறைத் தரையில் கிடந்த கத்தியாகத்தான் புரிந்தது. வெளிநாட்டில் சேர்க்கிறவனுக்குச் செய்தவன் பெயர் கிடைக்கிறது. பெரியப்பாவுக்குக் கிடைத்தது மூணு புள்ளி.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெயர்ப்பலகைத் தகராறு. அடித்தது அவர்கள், அடிபட்டது நாங்கள். சோதனை மட்டும் எங்கள் பக்கம் நடந்தது. போலீஸ்காரர்கள் கடையிலிருந்த கத்திகளையும் கூரையில் செருகியிருந்த தேய்ந்த துண்டுகளையும் எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்தார்கள். பயங்கர ஆயுதங்கள் என்று எழுதினார்கள். போட்டி சுத்தம் பண்ணுகிற கத்தியும் அதில் பயங்கர ஆயுதம். பெரியப்பா பதினைந்து நாள் ரிமாண்டில் இருந்தார். வழக்கு நிற்கவில்லை. ஏழு கத்தி திரும்பி வந்தது, நாலு வரவில்லை. போனது எது எது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றும் எந்த வருஷம் அடித்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருள்களை ஆயுதம் என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பட்டியலில் வைக்கிற விதிகளும், வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகளுக்கு விலக்குத் தருகின்றன. எழுத்தில் சட்டம் எங்கள் பக்கம். ஆனால் ஒரு கத்தி கருவியா ஆயுதமா என்பதை அளவுநாடா தீர்மானிப்பதில்லை. அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதே நாட்டில் குடகர்களுக்கு, அந்த இனத்தில் பிறந்ததனாலேயே, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விலக்கு உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அவர்கள் இடுப்பில் செருகும் பீச்சகத்தி வெள்ளிப் பூண் போட்டு உலகச் சேகரிப்பாளர்கள் கைகளில் இருக்கிறது. அதன் பெயர் பாரம்பரியம்.

ஆயுதத்தைப் பறிப்பது சண்டையைத் தடுக்க மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1588இல் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி, விவசாயிகளிடமிருந்த வாள், ஈட்டி எல்லாவற்றையும் பிடுங்கினார். அதற்குப் பிறகு வாள் வைத்திருப்பவன் போர்வீரச் சாதி, இல்லாதவன் குடியானவன் என்று கோடு கெட்டிப்பட்டது. யார் கையில் கத்தி இருக்கலாம் என்று சொல்கிறவன், யார் எந்தப் படியில் நிற்கணும் என்பதையும் சொல்லிவிடுகிறான். தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில், தொடர் கொலைகளுக்குப் பிறகு, கத்தி அரிவாள் வாங்குகிறவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கச் சொல்லிப் பட்டறைக்காரர்களுக்குப் போலீஸ் உத்தரவு போட்டது. கொலையைத் தடுக்கணும், சரி. ஆனால் அடித்தவர் பெயரை எழுதி வைக்க இந்த நாட்டில் எப்போதாவது ஒரு நோட்டுப் போட்டதுண்டா?

எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த இரும்புச் சாமான்கள் அங்கே வந்து சேர்ந்தன. தஞ்சாவூர் மராட்டிய அரசு 1855இல் வாரிசில்லாமல் முடிந்த பிறகு, அரண்மனை ஆயுதங்களில் நல்லதாகப் பொறுக்கியதும் அங்கேதான் வந்தது. மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். ராஜா சேர்த்ததுக்கும் காயலான் கடைத் தராசுதான் கடைசியில்! கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜா பெயர் இருக்கும், ஊர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும். நான் பார்த்த சீட்டு எதிலும் அடித்தவர் பெயர் இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்கிறது. எல்லாரும் தமிழன் பெருமை என்று கொண்டாடினோம். கொண்டாடலாம். ஆனால் உலையில் வெந்த முகம் அந்தப் பெருமையில் எங்கே?

எம்.ஏ. தமிழில் புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பாடம் நடத்துவார்கள். ஔவை தொண்டைமானிடம் தூது போன பாட்டு. உன் ஆயுதங்கள் பீலி சூட்டி நெய் பூசிக் காவல் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன, அதியமான் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். அடுக்கி வைத்த கத்தியை அவள் கேலி செய்கிறாள். உழைத்துத் தேய்ந்த கத்தியை மதிக்கிறாள். ஔவை சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். அவளும் கொல்லன் பெயரைச் சொல்லவில்லை.

பெரியப்பா இப்போது இல்லை. பட்டறையும் இல்லை. மிஞ்சிய ஏழு கத்தியும் என்னிடம் இருக்கிறது. இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற ஆசை எனக்கில்லை. இரண்டு பேர் அறிவும், அவர்களுக்கு நடுவில் கிடந்த தரையும், ஒரு பொய் வழக்கும் இவற்றில் பதிந்திருக்கின்றன. இது எங்கள் ஆவணம்.

தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் அரிவாள், உளி, அரிவாள்மணை, தோல் சீவுகிற கத்தி, பறை எது இருந்தாலும் அதைச் செய்தது யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள், அடையாளம் இருந்தால் வரைந்து வையுங்கள். "அவுங்க இன்ன சாதி" என்று பதில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். பெயர் என்ன என்று கேளுங்கள்.